ரோவரோடு ஆறு வருடங்கள்

1905இல் வந்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்' படத்தை முதல்முறை பார்த்து ஆறு வருடம் ஆகிறது. ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திருட்டுப்போன குழந்தையை வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான் கதை. அன்று பிடித்துக்கொண்டதுதான், இன்றுவரை ஆரம்பகால பிரிட்டிஷ் மௌன நகைச்சுவைப் படங்களையும், உணர்ச்சியைக் கூட்டிக் கதை சொல்லும் மெலோடிராமாக்களையும் விடாமல் பார்த்துவருகிறேன். பலர் ஒரு தடவை பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேகத்தைச் சரிசெய்யுங்கள். அந்தக் காலத்தில் கேமராவின் கைப்பிடியைச் சுற்றித்தான் படம் பிடித்தார்கள், நொடிக்குச் சுமார் 16 பிரேம். அதை இன்றைய 24 பிரேம் கணக்கில் ஓட்டினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளுவார்கள். முதல் ஒரு வருடம் நான் பார்த்ததெல்லாம் யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த அப்படிப்பட்ட பிரதிகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பியானோ மெட்டு வேறு. பிளேயரில் வேகத்தை 0.67க்கோ 0.75க்கோ குறைத்து, சத்தத்தையும் நிறுத்திவிட்டுப் பார்த்த பிறகுதான் நடிப்பு என்ற ஒன்று அங்கே இருப்பதே தெரிந்தது. சில பிரதிகளில் வேகம் ஏற்கெனவே சரியாக இருக்கும். ஆட்கள் நடக்கிற நடையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். கணினி வைத்து வண்ணம் பூசி, பிரேம்களைக் கூட்டிய பிரதிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். தலை திரும்பும்போது முகம் மெழுகு மாதிரி உருகுகிறது.

வேகம் சரியானதும் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் நகைச்சுவை 'மேரி ஜேன்ஸ் மிஸ்ஹாப்' (1903). எடுத்தவர் ஹோவ் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித். நடித்தவர் அவர் மனைவி லாரா பெய்லி, மேடை நகைச்சுவையில் பழகியவர். வேலைக்காரி மேரி ஜேன் பூட்ஸுக்கு மை போடும்போது முகத்தில் மீசை மாதிரி கறை ஒட்டிக்கொள்கிறது. அடுப்பு பற்றவில்லை, மண்ணெண்ணெயை ஊற்றுகிறாள், புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுகிறாள். முதல் சில தடவை அந்த வெடிப்புக்காகத்தான் பார்த்தேன். இப்போது பார்ப்பது அவள் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும் அந்த ஒரு கணத்துக்காக. கேமரா அருகே வருகிறது, அவள் முகம் பெரிதாகிறது, தான் செய்யப்போகும் வேலையில் நம்மையும் கூட்டாளியாக்கிக்கொள்கிறாள். நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பெண் என்னை நேராகப் பார்க்கிறாள் என்ற உணர்வு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்புறம் அந்தக் கல்லறை வாசகம். 'அமைதியில் உறங்குக' என்று வரவேண்டிய இடத்தில் 'துண்டு துண்டாக உறங்குக'. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும்.

ராபர்ட் பாலின் 'எ செஸ் டிஸ்பியூட்' (1903) இன்னும் சின்னது. சதுரங்கம் ஆடும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு சட்டகத்துக்குக் கீழே விழுந்துவிடுகிறார்கள். அங்கிருந்து துணியும் கைகால்களும் மட்டும் மேலே வந்துவந்து போகின்றன. கண்ணில் படாத சண்டைதான் பெரிய சிரிப்பு என்று அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். பாலின் படங்களைத் தொகுத்து பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2006இல் வெளியிட்ட டிவிடி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

சரி, ரோவருக்கு வருவோம். தயாரித்த செசில் ஹெப்வொர்த்தே அப்பாவாக நடித்தார். அவர் மனைவிதான் அம்மா, அவர்கள் மகள்தான் அந்தக் குழந்தை, பிளேர் என்ற அவர்கள் வீட்டு நாய்தான் ரோவர். செலவு 7 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். 395 பிரதிகள் விற்றன. பிரதி எடுத்து எடுத்து நெகட்டிவ் தேய்ந்துபோனதால் முழுப் படத்தையும் மேலும் இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் படம் அலுக்காததற்குக் காரணம் நாய் போகும் வழி. தெரு, திருப்பம், ஆறு, ஏழைகள் குடியிருக்கும் வரிசை வீடுகள், மாடி அறை. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, அப்பாவை அழைத்துக்கொண்டு இன்னொரு தடவை என்று அதே இடங்களை அதே கோணத்தில் பார்க்கிறோம். மூன்றாம் தடவை வரும்போது அந்த வழி நமக்கு நம் தெரு மாதிரி பழகியிருக்கும். அப்பா ஆற்றங்கரையில் படகுக்காக நிற்கும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்று மனசு துடிக்கிறது. முடிவு மனப்பாடமாகத் தெரிந்த எனக்கே அப்படித்தான்.

இந்தப் படத்தில் எனக்குப் பெரிய மனக்குறையும் உண்டு. குழந்தையைத் திருடுவது ஒரு பிச்சைக்காரி. அக்கால மெலோடிராமாக்களில் ஏழைகளும் நாடோடிகளும் இப்படி வில்லன்களாக அடிக்கடி வருவார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அது உறுத்தத்தான் செய்கிறது, உறுத்தவும் வேண்டும். துரத்தல் படங்களும் நான்கைந்துக்கு மேல் தாங்கவில்லை. ஒருவர் ஓட, பின்னால் ஊரே ஓடும். ஒரே இரவில் இருபது படம் பார்ப்பதும் சரிவராது. சந்தைக் கொட்டகையிலும், பாட்டும் வேடிக்கையும் நடக்கும் மியூசிக் ஹால் அரங்குகளிலும் மற்ற நிகழ்ச்சிகளுக்கு நடுவே காட்டப்பட்டவை இவை. ஒரு உட்காரலுக்கு மூன்று போதும்.

பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1924இல் ஹெப்வொர்த்தின் கம்பெனி நொடித்துப்போனபோது, அதிலிருக்கும் வெள்ளிக்காக நெகட்டிவ்களை உருக்கிவிட்டார்கள். 1910இலிருந்து ஆல்மா டெய்லரும் கிறிஸ்ஸி வைட்டும் அடங்காத பெண்களாக வீட்டையும் தெருவையும் புரட்டிப்போட்ட 'டில்லி' படங்களில் சிலவே மிஞ்சியிருக்கின்றன. பெண்கள் வாக்குரிமைப் போராட்டம் குறித்த 'மேக் மோர் நாய்ஸ்' தொகுப்பில் அவற்றைப் பார்த்தேன். இரண்டு பேரின் சிரிப்பிலும் யாருக்கும் பயப்படாத ஒரு சந்தோஷம் இருக்கிறது. மிச்சப் படங்களை நினைத்து வருத்தமாக இருந்தது.

யாராவது என்னிடம் ஒரே ஒரு மெலோடிராமா சொல்லச் சொன்னால், ரோவரைக்கூடச் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் வில்லியம்சன் 1902இல் எடுத்த, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலிருந்து திரும்பிய ரிசர்வ் சிப்பாயின் (போர் வந்தால் மட்டும் அழைக்கப்படுபவர்) கதையைத்தான் சொல்வேன். வேலை கிடைக்காமல் பசிக்காக ரொட்டி திருடியவனைப் போலீஸ்காரர் வீடுவரை துரத்திக்கொண்டு வருகிறார். உள்ளே குடும்பம் பட்டினி கிடப்பதைப் பார்க்கிறார். பிடிக்க வந்தவர் காசு எடுத்துக் கொடுக்கிறார்.