ஸ்ட்ராட்டிஃபைடு ஜின்செங் விதை: பையைப் பிரித்ததும் பார்க்க வேண்டியவை

மருந்து வேருக்காக வளர்க்கப்படும் அமெரிக்க ஜின்செங் செடியைக் காட்டு மரங்களின் அடியிலேயே விதைத்து, காட்டுச் செடி மாதிரியே வளரவிட நினைப்பவர்கள் வாங்கும் முதல் பொருள் 'ஸ்ட்ராட்டிஃபைடு' விதை, அதாவது ஈர மணலில் வைத்து முளைக்கத் தயாராக்கிய விதை. அமெரிக்கச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி விஸ்கான்சின் மாநிலத்து நிழல்பந்தல் பண்ணைகளில், குறிப்பாக மராத்தான் கவுன்ட்டியில், எடுக்கப்பட்டது. யாரிடம் வாங்கினாலும் சரக்கின் மூலம் பெரும்பாலும் அந்த வட்டாரம்தான் என்பதால், கடையின் பெயரைவிட பை எந்த நிலையில் கைக்கு வருகிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

காசு எதற்குப் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் சிவக்கும் ஜின்செங் பழத்துக்குள் ஒன்று முதல் மூன்று விதை இருக்கும். பழம் பழுத்தாலும் உள்ளே கரு முதிர்ந்திருக்காது. ஒரு குளிர்காலம், ஒரு கோடை, மறுபடி ஒரு குளிர்காலம் என்று கடந்த பிறகுதான் முளைக்கும். ஏறக்குறைய ஒன்றரை வருட உறக்கம். பண்ணைக்காரர் சதையை நீக்கி, விதையை ஈர மணலில் புதைத்து, அடுத்த இலையுதிர்காலம் வரை காத்து வைத்திருந்து விற்கிறார். நீங்கள் விதைத்த பின் மீதி ஒரு குளிர்காலம் போதும், வசந்தத்தில் முளை தெரியும். ஆக விலையில் ஒரு பங்கு அந்த ஒரு வருடக் காவலுக்கானது. இப்படிக் காத்து வைக்காமல் 'பச்சை விதை' என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் அந்த வேலை முழுக்க உங்கள் தலையில் விழும்: எலி புகாத வலைப்பெட்டி, வருடம் முழுக்க காயாத மணல். புதியவர்களுக்கு அந்த மிச்சம் கட்டுப்படியாகாது.

ஒரு பவுண்டில் சுமார் 6,400 முதல் 8,000 விதை இருக்கும். ஒரு அவுன்ஸில் நானூறு, ஐந்நூறு. சதுர அடிக்கு ஐந்து விதை என்று போட்டால், அவுன்ஸ் பொட்டலம் எண்பது முதல் நூறு சதுர அடிக்கு வரும். பவுண்டு பையில் ஒரு விதைக்கு ஆகும் விலை குறைவுதான். ஆனாலும் காட்டில் எந்த மூலை ஒத்துவரும் என்று தெரியாத நிலையில் முதல் வருடமே பவுண்டு வாங்குவது வீண். இரண்டு அவுன்ஸ் வாங்கி நான்கைந்து இடத்தில் பிரித்துப் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பை வந்ததும் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். நல்ல விதை வெளிர் பழுப்பாக, கையில் ஈரம் ஒட்டுகிற பதத்தில், மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். ஒன்றை எடுத்து விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், கெட்டியான ஓட்டின் விளிம்புத் தையலில் மயிரிழை அளவு வாய் பிளந்து, உள்ளே வெள்ளை தெரியும். கரு முதிர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். பையில் பெரும்பாலானவை இப்படி வாய் திறந்திருந்தால் நல்ல சரக்கு. ஓடு வெளுத்து உலர்ந்து, கையில் கலகலவென்று ஓடினால் அந்த விதை செத்தது. தண்ணீரில் ஊறப்போட்டாலும் பிழைக்காது, திருப்பி அனுப்பிவிடுங்கள். புளித்த வாடை அடித்தாலோ, நசுக்கினால் பழுப்புக் கூழ் வந்தாலோ அழுகல். சந்தேகம் இருந்தால் இருபது விதையை பிளேடால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, திண்மையாக இருக்க வேண்டும்.

அடுத்து மிதவைச் சோதனை. வாளித் தண்ணீரில் கொட்டிக் கிளறி, மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு மூழ்கியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் பத்து நிமிடம் போட்டு, நன்றாக அலசினால் ஓட்டில் ஒட்டிய பூஞ்சை வித்துகள் குறையும். உடனே விதைக்க முடியாவிட்டால் ஈர மணலோடு கலந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை ஈரம் பாருங்கள்.

பல பைகளோடு வரும் குறிப்புத் தாள் ஆழத்தையும் இடைவெளியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இந்தச் சரக்கில் பெரிய குறையே அதுதான், ஏனென்றால் பயிர் தேறுவது இடத்தைப் பொறுத்தது. வடக்கு அல்லது கிழக்கு பார்த்த சரிவு, 70 முதல் 80 சதவீத நிழல், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மேலே சர்க்கரை மேப்பிள், டியூலிப் பாப்லர், பாஸ்வுட் மரங்கள் நிற்பது நல்லது. தரையில் மெய்டன்ஹேர் பெரணி, ராட்டில்ஸ்நேக் பெரணி, பிளட்ரூட், ட்ரில்லியம், ஜாக்-இன்-த-பல்பிட், பிளாக் கோஹோஷ் இதெல்லாம் தானாக வளர்ந்திருந்தால், மண்ணில் கால்சியமும் ஈரமும் இருக்கிறது என்று நம்பலாம். ஹக்கிள்பெர்ரியும் மவுன்டன் லாரலும் அடர்ந்த, பைன் ஊசி கொட்டிய காய்ந்த முகட்டில் ஒரு விதையும் போடாதீர்கள். மண் பரிசோதனையில் கால்சியம் குறைவு என்று வந்தால் ஜிப்சம், நூறு சதுர அடிக்கு ஐந்து பவுண்டு. சுண்ணாம்பு போட்டால் மண்ணின் அமிலத்தன்மை குறைந்து வேர் நோய்களுக்கு வசதியாகிவிடும். ஜிப்சத்தில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கோழி எருவும் ரசாயன உரமும் வேண்டவே வேண்டாம். வேர் கொழுத்து, வழுவழுப்பாகி, பண்ணை வேரின் விலைக்குத்தான் போகும். மெல்லிய, கருத்த, வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்த வேருக்குத்தான் காட்டு வேரின் விலை.

விதைப்பு அக்டோபர், நவம்பரில், இலை பாதி உதிர்ந்த சமயத்தில். சரிவின் மேலிருந்து கீழாக ஐந்தடி அகலப் பட்டையில் சருகை ஒதுக்கி, மண்ணை லேசாகக் கீறி, விதையைத் தூவி, அரை முதல் முக்கால் அங்குல மண்ணால் மூடி, மேலே நடந்து மிதித்துவிடுங்கள். பிறகு ஒதுக்கிய சருகை ஒன்றிரண்டு அங்குலம் பரப்புங்கள். மீதியை மரமே உதிர்த்து மூடிவிடும். மண் மூடாமல் சருகுக்கடியில் மட்டும் விட்டால் எலிகளுக்கு விருந்து. ஓக் இலை மட்டும் கனமாக அடைந்தால் பாய் விரித்தது போல் கெட்டிப்பட்டு முளையை அமுக்கிவிடும், அங்கே சருகைக் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும்.

மே மாதம் வெளிவரும் நாற்றில் ஒரு காம்பும் மூன்று சிற்றிலையும்தான் இருக்கும். காட்டு ஸ்ட்ராபெர்ரி என்று நினைத்துப் பிடுங்கிப்போடுகிறவர்கள் நிறைய. வளர்ந்த செடியில் தண்டின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து மூன்று அல்லது நான்கு இலைக்காம்புகள் பிரியும். ஒவ்வொன்றிலும் ஐந்து சிற்றிலை: மேலே மூன்று பெரிது, அடியில் இரண்டு மிகச் சிறிது. நடுவிலிருந்து பூங்காம்பு. வர்ஜீனியா கிரீப்பருக்கும் ஐந்து சிற்றிலை உண்டு, ஆனால் அது கொடி, சிற்றிலைகளின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதேபோல் தோன்றும் இன்னொரு செடியான காட்டு சார்சபரில்லாவில் பூங்காம்பு இலைத்தண்டிலிருந்து வராமல் தரையிலிருந்து தனியாக எழும். சந்தேகம் தீராவிட்டால் தண்டின் அடியில் மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தண்டு விழுந்த தழும்பு வேரின் கழுத்துப் பகுதியில் வரிசையாக இருக்கும். நான்கு தழும்பு என்றால் ஐந்தாம் வயது.

இழப்பு இருக்கும். சுண்டெலியும் நத்தையும் நாற்றைத் தின்னும். மான் தலையைக் கடித்தால் செடி சாகாது, ஆனால் அடுத்த வருடம் சிறுத்து வரும். மழை நீண்ட கோடையில் ஆல்டர்னேரியா இலைக்கருகல் வந்து ஜூலையிலேயே இலை கொட்டிவிடும். அந்த வருட வளர்ச்சி போச்சு. நீர் தேங்கினால் ஃபைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி வேரையே அழுக வைக்கும். இரண்டுக்கும் மருந்தடிப்பதைவிட, இடைவெளி விட்டு விதைப்பதும் பட்டைகளைத் தள்ளித் தள்ளிப் போடுவதுமே காப்பு. சதுர அடிக்குப் பத்து, இருபது போடச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

அறுவடைக்கு ஏழு முதல் பத்து வருடம் ஆகும். 1975 முதல் இந்த இனம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் காட்டு வேருக்குக் குறைந்தது ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், இல்லினாய் மாநிலத்தில் பத்து. காட்டு முறையில் விதைத்து வளர்த்த வேருக்கும் மாநில விதிகள் உண்டு. விதைக்கும்போதே இடத்தைப் படமெடுத்து, விதை வாங்கிய ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். இயற்கையாகவே ஜின்செங் முளைத்திருக்கும் காட்டில் விஸ்கான்சின் விதையைக் கலக்க வேண்டாம். அங்கே பழுத்த பழத்தை அந்த இடத்திலேயே முக்கால் அங்குல ஆழத்தில் புதைப்பதுதான் அந்தக் கூட்டத்துக்கு நல்லது.

மொத்தத்தில், ஈரமாக, வாய் திறந்து வரும் ஸ்ட்ராட்டிஃபைடு விதை கொடுத்த காசுக்குத் தகும். ஆகஸ்டிலேயே பதிவுசெய்து, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் அனுப்பச் சொல்லுங்கள். தாள் உறையில் உலர்ந்த விதையாக வருவதையும், கோடையில் தள்ளுபடியில் வருவதையும், 'அசல் காட்டு விதை' என்று ஆதாரமில்லாமல் விற்பதையும் வாங்காதீர்கள்.