ராணுவ டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவர: இழுப்பதா, ஏற்றுவதா, ஆள் பிடிப்பதா?

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் டிரெய்லர்கள் இணைய ஏலத்தில் வரும்போது விலை ஆசை காட்டும். ஆனால் வாங்கியது கிடப்பது ஏதோ ஒரு மாநிலத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமான யார்டில். பணம் கட்டியபின் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் அங்கே தினசரி வாடகை ஓட ஆரம்பிக்கும். சில சமயம் ஏலத்தொகையைவிடக் கொண்டுவரும் செலவு கூடிவிடுகிறது. எனவே எப்படிக் கொண்டுவருவது என்பதை ஏலம் கேட்கும் முன்பே முடிவு செய்துவிடுவது உத்தமம்.

வழிகள் மூன்று. பிக்கப்பின் பின்னால் மாட்டி அதன் சொந்தச் சக்கரத்தில் இழுத்து வரலாம். இன்னொரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து அதன் மேல் ஏற்றி வரலாம். இல்லையென்றால் லாரிக்காரருக்குக் காசு கொடுத்து வீட்டுக்கே வரவழைக்கலாம். பொதுவாக இதுதான் நல்லது என்று சொல்லிவிட முடியாது. எந்த மாடலை வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏலத்தில் அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு: பழைய ஜீப்புக்குப் பின்னால் ஓடிய எம்-416 (காலியாகச் சுமார் 260 கிலோ), எம்-101 (600 கிலோவுக்குச் சற்று மேல்), ஹம்வி என்னும் ராணுவ வண்டிக்கென்று செய்த எம்-1101, எம்-1102 ஜோடி (650 கிலோ வாக்கில்), பெரிய லாரிக்குப் பின்னால் ஓடிய எம்-105 (1,200 கிலோ சொச்சம்).

சொந்தச் சக்கரத்தில் இழுப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சக்கரம் இருக்கிறது, இழுத்துவிடலாமே என்று. முடியும், ஆனால் முன்வேலை இதற்குத்தான் அதிகம்.

முதல் தடங்கல் மாட்டும் இடத்திலேயே வரும். நம் பிக்கப்பில் இருப்பது உருண்டை பால் ஹிட்ச். ராணுவ டிரெய்லரின் மூக்கில் இருப்பதோ 3 அங்குல உள்விட்டமுள்ள இரும்பு வளையம். இதற்குப் பின்டில் கொக்கி, அதாவது வளையத்தைக் கவ்வி மூடிக்கொள்ளும் கொக்கி வேண்டும். ரிசீவரில் (பிக்கப்பின் பின்னடியில் உள்ள சதுரக் குழாயில்) செருகும் தகட்டில், உயரத்தை ஏற்றி இறக்கும் துளைகளோடு வருவதை வாங்குங்கள். லாரிக்கென்று செய்த டிரெய்லரின் வளையம் நம் வண்டியின் ரிசீவரைவிட மேலே நிற்கலாம். மூக்கு தூக்கிக்கொண்டு போனால் பளு பின்னால் சாய்ந்து, வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். காப்புச் சங்கிலியையும் பாருங்கள். அதிலுள்ள பெரிய கொக்கி நம் ரிசீவரின் ஓட்டைக்குள் நுழையாது. தாங்கும் பளு அச்சிட்ட ஷாக்கிள் (பின் போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) இரண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்தது விளக்கு. ராணுவ டிரெய்லரின் மின்சாரம் 24 வோல்ட், பிளக்கில் 12 முனை. பிக்கப்பில் 12 வோல்ட், 4 அல்லது 7 முனை. இடையில் ஒரு அடாப்டர் போட்டாலும், பழைய இழை பல்பு 12 வோல்ட்டில் மினுக்கு மினுக்கென்றுதான் எரியும். பல்பை மாற்றலாம், ஆனால் யார்டில் நின்றுகொண்டு துருப்பிடித்த விளக்கைத் திறக்க முயல்வதைவிட, காந்தத்தில் ஒட்டும் தற்காலிக இழுவை விளக்கு ஒரு செட் எடுத்துப் போவது சுலபம். இதில் ஒரு குறும்பு உண்டு. எம்-1101, எம்-1102 இரண்டின் தொட்டியும் அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. அதற்கு ஒரு நீளப் பலகையில் விளக்குகளைத் திருகிக்கொண்டு போய், பின்கதவோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டியதுதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வீடு வரை பளிச்சென்று எரியும்.

டயர்தான் பெரிய கேள்வி. பட்டை ஆழமாக, புதிது போலவே தெரியும். ராணுவ டிரெய்லர் பல வருடம் ஓடாமல் வெயிலில் நின்றிருக்கும், தேயவே வாய்ப்பில்லை, ஆனால் ரப்பர் பழசாகியிருக்கும். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 0809 என்றிருந்தால் 2009-ம் ஆண்டின் எட்டாவது வாரம் செய்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது, அதை நம்பி ஹைவேயில் ஏறாதீர்கள். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அதே தீர்ப்புதான்.

வழியில் டயர் போனால் கழற்றி மாட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எம்-1101, எம்-1102 இரண்டிலும் இருக்கும் ஹம்வி சக்கரத்தின் ரிம் இரண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் இறுக்கப்பட்டது. உள்வட்டத்தில் இருக்கும் எட்டு நட்டுதான் சக்கரத்தை ஹப்போடு பிடித்திருக்கிறது. வெளிவட்டத்து நட்டுகள் ரிம்மின் இரு துண்டுகளைப் பிடித்திருப்பவை. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கைவைத்தால் ரிம் வெடித்துப் பிரிந்து உயிரையே வாங்கிவிடும். ரிம்மின் விட்டம் 16.5 அங்குலம், அதனால் கிடைக்கிறதே என்று 16 அங்குல டயரை அதில் ஏற்றவும் கூடாது. அதுவும் காற்றடிக்கும்போதே வெடிக்கக்கூடியது. எம்-105-இல் வேறு கதை. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு இடப்புரி. அது தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி நட்டை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

பேரிங் கிரீஸ் காய்ந்து போயிருக்கலாம். கிளம்பும் முன் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தமோ மேலும் கீழும் ஆட்டமோ இருந்தால் அன்று இழுக்க வேண்டாம். சரியாக இருந்தாலும் முதல் பத்து மைலில் ஒருமுறை நிறுத்தி, ஹப் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் போகலாம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் தீய்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிரேக் என்றதும் இன்னொன்று. எம்-1101, எம்-1102 இரண்டிலும் சர்ஜ் பிரேக். முன்வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலே ஆயிலை அழுத்திப் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். பிக்கப்பிலிருந்து தனியாக எந்த இணைப்பும் வேண்டாம், நமக்கு அது வசதி. ஆயில் குறைந்திருந்தால் மட்டும் கடையில் கிடைக்கும் டாட் 3 வகைப் பிரேக் ஆயில் பாட்டிலை அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். ராணுவ வண்டிகளில் போடுவது சிலிக்கான் வகையான டாட் 5, இரண்டும் ஒன்றோடொன்று சேராது. எம்-105-க்கோ லாரியிலிருந்து காற்று வர வேண்டும். பிக்கப்பில் அது இல்லாததால், 1,200 கிலோ இரும்பைப் பிரேக்கே இல்லாமல் இழுப்பதாகத்தான் அர்த்தம்.

கடைசியில் காகிதம். எஸ்எஃப்-97 என்கிற அரசுச் சான்று வந்தால்தான் பல மாநிலங்களில் பதிவு செய்து நம்பர் பிளேட் வாங்க முடியும். டிரெய்லரை எடுக்கும் நாளில் அது கையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிளேட் இல்லாமல் ரோட்டில் உருட்டினால் போலீஸ் நிறுத்தும். தற்காலிக அனுமதி வாங்க முடியுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

மேலே ஏற்றுவது

காகிதச் சிக்கல் இதில் அநேகமாகக் கிடையாது. வேறொரு டிரெய்லரின் மேல் உட்கார்ந்திருக்கும் டிரெய்லர் வெறும் சரக்கு. டயர், பேரிங், விளக்கு, பிளக் எதைப் பற்றியும் கவலை வேண்டாம். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் வைத்து ஏற்றிவிடுவார்கள், ஆனால் இறக்குவது நம் பாடு. எம்-416 என்றால் சாய்தளம் வைத்து இரண்டு மூன்று பேர் கையாலேயே உருட்டி இறக்கிவிடலாம். 9 அடி நீளம்தான், சாதாரண வாடகை டிரெய்லரிலேயே அடங்கும்.

ஹம்வி ஜோடிக்கு இந்த வழி பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் அகலம் இடிக்கும். வெளிப்புற அகலம் 7 அடியைத் தாண்டுகிறது. கார் ஏற்றும் வாடகை டிரெய்லரின் மட்கார்டுகளுக்கு நடுவே அவ்வளவு இடம் இருப்பதில்லை. மட்கார்டுக்கு மேலாகத் தட்டு அமைந்த வகைதான் வேண்டும். அது எல்லா வாடகைக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் சின்ன வாடகையில் கிடைக்காது. அப்புறம், ஏற்றியபின் அச்சில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். தொட்டியின் விளிம்பில் மட்டும் பட்டை போட்டால் ஸ்பிரிங் ஆட ஆடப் பட்டை தளர்ந்துவிடும்.

ஆள் பிடிப்பது

இதில் எழுத அதிகம் இல்லை. காசு போகும், தலைவலி குறையும். ஹாட்ஷாட் எனப்படும் பிக்கப்-பிளாட்பெட் ஓட்டுநர்களிடம் விலை கேட்கும்போது நீளம், அகலம், எடை, சக்கரம் உருளுமா, டயரில் காற்று நிற்குமா என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே போனபின் விலை ஏறும். வேறு சரக்கோடு சேர்த்து ஏற்றச் சம்மதித்தால் குறைவாகக் கேட்பார்கள், ஆனால் யார்டின் கெடுவுக்குள் வருவாரா என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டில் இறக்க வசதி இல்லையென்றால், தட்டைச் சாய்த்து இறக்கும் மீட்பு வண்டிக்காரர்தான் சரியான ஆள்.

எந்த டிரெய்லருக்கு எது?

எம்-416 என்றால் யோசிக்கவே வேண்டாம், மேலே ஏற்றி வாருங்கள். எம்-105-ஐ ஆள் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பிரேக் இல்லாமல் அதைப் பிக்கப்பில் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னால் போக எனக்கு மனம் வரவில்லை. எம்-1101, எம்-1102 மட்டும்தான் சொந்தச் சக்கரத்துக்கு ஏற்றவை. பிரேக் தன்னாலேயே வேலை செய்கிறது, ரேடியல் டயர், ஹைவே ஓட்டத்துக்கு ஏற்ற சஸ்பென்ஷன். அதுவும் டயர் தேதி நன்றாக இருந்து, பிளேட் விவகாரம் தீர்ந்து, தூரம் 150 மைலுக்குள் இருந்தால்தான். மணிக்கு 50 மைலைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் தூரமென்றால் லாரிக்காரருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

எம்-101-தான் இரண்டுங்கெட்டான். ஏலப் படத்தில் டயர் தேதி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் பழசு என்றே வைத்துக்கொண்டு, ஏற்றிவரும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏலம் கேளுங்கள்.