பாரிசவாதத்துக்குப் பின்: ஸ்காபரோவில் என் மாமிக்குக் கிடைத்த மறுவாழ்வுச் சேவை

பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாய்க்கு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் உள்ள ஒரு மறுவாழ்வு வைத்தியசாலையிலும், அதன் பின்னர் வீட்டிலும் வழங்கப்பட்ட சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. மாமி யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். கடையில் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் ஆங்கிலம் அறிந்தவர். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன். குடிவரவாளர்களின் பண்பாட்டை மதிக்கும் சேவை என்று நுழைவாயிலில் பல மொழிகளில் வணக்கம் எழுதி வைத்திருந்தார்கள். அதை வைத்து நான் எதையும் எடைபோடவில்லை.

என் மதிப்பில் முதலிடம், அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கே. வலக்கை அசையாத ஒருவரை இடக்கையால் உண்ணப் பழக்குவது இத்துறையில் வழக்கமான நடைமுறை. ஆனால் கழுவுவதற்கென்றே வாழ்நாள் முழுதும் ஒதுக்கி வைத்திருந்த கையைச் சோற்றில் வைக்கச் சொன்னதும் மாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். முதலில் இதைப் பசியின்மை என்றும், மனச்சோர்வாக இருக்கலாம் என்றும் குறித்து வைத்திருந்தனர். பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுவதால் அந்த ஐயத்தில் குற்றம் காண முடியாது. ஆயினும் ஓர் இளம் சிகிச்சையாளர் மட்டும் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, எந்தக் கையால் எதைச் செய்வீர்கள் என்று என் மனைவி மூலம் ஒவ்வொன்றாகக் கேட்டார். “இடக்கையாலே எப்பிடிப் பிள்ளை சோறு தின்னுறது?” என்று மாமி திருப்பிக் கேட்ட பிறகுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பின் அவர் செய்தவை எளிமையானவை: பிடி தடித்த கரண்டி, உணவு வெளியே தள்ளுப்படாமல் தட்டின் ஓரத்தில் மாட்டும் தடுப்பு, தட்டு வழுக்காத விரிப்பு, கழிவறையில் கையால் அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் குழாய். கரண்டியைப் பிடித்தால் கை சோற்றைத் தொடுவதில்லை என்பதால் மாமி சம்மதித்தார். வலக்கை விரல்களில் சிறிது அசைவு திரும்பியபோது, பயிற்சிக்கென்று வைத்திருந்த பசைக்களியை ஒதுக்கிவிட்டு, வறுத்த அரிசிமாவைக் கொண்டுவரச் சொல்லிப் புட்டுக்குக் குழைக்க வைத்தார். செய்து பழகிய வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் கை விரைவாகத் தேறும் என்பது இத்துறையினர் நன்கறிந்த விடயமே. ஆனால் எந்த வேலை பழகிய வேலை என்று கேட்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

அங்குள்ள பயிற்சிக் குசினியில் நோயாளர் தாமாகப் பாணை வாட்டித் தேநீர் போட்டுக் காட்ட வேண்டும். அதை வைத்தே வீட்டில் பாதுகாப்பாக இருப்பாரா என்று முடிவு செய்கிறார்கள். மாமி தேநீர் வரை நன்றாகவே செய்தார். சிக்கல் எங்கள் பக்கத்தில்தான் எழுந்தது. மகள் இருக்கும்போது அம்மா அடுப்படிக்குப் போகலாமா என்ற எண்ணம் என் மனைவிக்கு. தன் வேலையைத் தானே செய்வதுதான் குணமடைதல் என்ற எண்ணம் அவர்களுக்கு. பிள்ளைகள் செய்து கொடுப்பதைத் தடையாகப் பார்க்காமல், சுவாமி அறையில் நின்று ஒற்றைக் கையால் விளக்கேற்றுவதை இலக்காக வைப்போமா என்று அதே சிகிச்சையாளர் கேட்டபோது இருவருமே ஒப்புக்கொண்டனர். தீப்பெட்டியை ஒற்றைக் கையால் உரசுவது ஆபத்து என்பதால், நீளமான வாயுத் தீமூட்டியை அழுத்தப் பழக்கினார்.

இனிக் குறைகள். மிகப் பெரிய குறை மொழிபெயர்ப்பு ஏற்பாடு. தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதி இருந்தும், அவசரத்தில் வீட்டாரையே பயன்படுத்தினர். சிறுநீர் கட்டுப்பாட்டைப் பற்றி மருமகனாகிய என்னைக் கேட்கச் சொன்னால் எந்த மாமி பதில் சொல்வார்? “ஒண்டுமில்லைத் தம்பி” என்றார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். உண்மை, ஒரு தமிழ்த் தாதி தற்செயலாகப் பணிக்கு வந்த இரவில்தான் தெரிந்தது.

மற்றொன்று, நினைவாற்றல், கவனம் போன்றவற்றை அளக்கும் அறிதிறன் பரிசோதனை. மொன்றியலில் உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியான மொக்கா என்னும் பரிசோதனையின் மொத்தப் புள்ளிகள் 30. 26-க்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது வழக்கம். அதில் 5 புள்ளிகள் பென்சில் பிடித்துக் கோடிணைத்து, கனசதுரமும் கடிகாரமும் வரைவதற்குரியவை. வலக்கை விழுந்தவர் அவற்றை எப்படிப் பெறுவார்? 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்ட வேண்டும் என்ற விதியை நாங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. இப்பரிசோதனைக்குத் தமிழ்ப் பதிப்பு இருந்தும் ஆங்கிலத் தாளையே எடுத்தார்கள். இப்படிக் கிடைத்த எண் ஒன்று மாமியின் கோப்பில் ஏறி, தனியாக விட முடியாதவர் என்ற கருத்துக்கு அடிப்படையாகிவிட்டது. மீண்டும் செய்யும்படி எழுத்தில் கேட்டோம், செய்தார்கள், எண் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்த பின் பராமரிப்பை ஒழுங்கு செய்வது ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம். முன்பு 14 அமைப்புகளாக இருந்தவை 2024 யூனில் இந்த ஒன்றாக இணைக்கப்பட்டன. வீட்டுக்கு வரும் ஊழியர்களை அனுப்புவது ஒப்பந்த நிறுவனங்கள். எங்களுக்கு வந்த நிறுவனம், குளிக்க வார்க்கப் பெண் ஊழியரே வேண்டும் என்று முதல் நாளே சொல்லியும் ஓர் ஆண் ஊழியரை அனுப்பியது. அவர் நல்லவர், நிலைமையைப் புரிந்துகொண்டு தானாகவே கதவுக்கு வெளியில் நின்றார். ஆனால் அன்று குளிப்பு நடக்கவில்லை. கோரிக்கையைக் கோப்பில் ஏற்றி, அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிய பிறகே ஒழுங்கு வந்தது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவின் துணைக்கருவித் திட்டம் சக்கர நாற்காலி, நடைதாங்கி போன்றவற்றின் விலையில் 75 வீதத்தைச் செலுத்துகிறது. சமூக உதவித்தொகை பெறுவோருக்கு முழுவதையும் கொடுக்கிறது. குளியலறைக் கதிரையும் சுவர்ப்பிடியும் அதில் அடங்கா. அவற்றை நாமே வாங்க வேண்டும். பெற்றோரை நிரந்தர வதிவிடத்துக்கு அழைத்தவர்கள், அவர்களைத் தாமே பராமரிப்போம் என்று அரசுக்குக் கொடுத்த 20 ஆண்டுப் பொறுப்பு ஒப்பந்தத்தை நினைத்து எதையும் கேட்கத் தயங்குகிறார்கள். ஆனால் அந்த ஒப்பந்தப்படி திருப்பிக் கட்ட வேண்டி வருவது சமூக உதவித்தொகையையே. நிரந்தர வதிவிடம் பெற்று, ஒன்ராறியோ சுகாதார அட்டையும் வைத்திருப்பவர் இந்தக் கருவித் திட்டத்தையும் வீட்டுப் பராமரிப்பையும் தயங்காமல் கேட்கலாம். பெற்றோர் வருகையாளராக நீண்ட காலம் தங்க உதவும் சுப்பர் விசாவில் வந்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு அந்த அட்டை கிடையாது. குறைந்தது 100,000 டொலர் தனியார் காப்புறுதி கட்டாயம் என்றாலும், அவசரச் சிகிச்சைக்குப் பிந்திய நீண்ட மறுவாழ்வை அது தாங்குமா என்பதைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரே வாசித்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு ஐந்தில் நான்கரை, ஒழுங்கமைப்புக்கு இரண்டு என்பது என் கணக்கு. நான் பாராட்டிய பெரும்பாலானவை ஒரே சிகிச்சையாளரின் இயல்பால் விளைந்தவை. அவர் விடுப்பில் சென்ற வாரத்தில் மாமியின் முன் மறுபடியும் பசைக்களியை வைத்தார்கள். ஆகவே அங்கு செல்பவர்கள், சேர்க்கும் நாளிலேயே மொழிபெயர்ப்பாளர், ஊழியர் ஆணா பெண்ணா என்பது, உணவுப் பழக்கம், எந்தக் கைக்கு எந்த வேலை என்பவற்றைக் கோப்பில் எழுத வைத்து, அதன் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.