சித்தப்பாவும் கட்டில் படமும்: திருவனந்தபுரம் குறும்பட விழா

குழித்துறையில் காலை வண்டியைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே திருவனந்தபுரம் சென்ட்ரல். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தம்பானூரில், கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். விழா அங்கேதான். சென்னை எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை எங்கள் விளவங்கோடு தாலுகாவுக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தான். சித்தப்பாவுக்கு இன்றைக்கும் அது திருவந்தரம்.

கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்திர அகாதமி 2008 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா. 2025 ஆகஸ்டில் நடந்தது 17வது, ஆறு நாள். டிசம்பர் மாதப் பெரிய விழாவுக்கு ஓடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். 2017இல் மூன்று ஆவணப்படங்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தணிக்கை விலக்கு தரவில்லை என்றபோதுதான், சின்னப் படத்துக்கும் இவ்வளவு பயமா என்று எனக்கு இதன் மேல் ஒரு கண் விழுந்தது.

இந்த முறை சித்தப்பாவையும் கூட்டிப்போனேன். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். இங்கிலீஷ் வாசிக்க வராது. அடியில் ஓடும் எழுத்தைப் படித்தே ஆக வேண்டிய படங்களில் நிம்மதியாகத் தூங்கினார். ஒரு வரிசையில் நாலைந்து படங்களை அடுத்தடுத்துப் போடுவார்கள். ஒன்றை மென்று விழுங்குவதற்குள் அடுத்தது வாயில் விழுந்துவிடும். குறும்படத்தில் எனக்குள்ள ஒரே சங்கடம் இது. ‘சோகமாக ஜன்னலைப் பார்க்கும் இளைஞன்’ வகைப் படங்களும் இருந்தன. அந்த நேரத்தில் கட்டன் சாயா குடிக்கப் போகலாம்.

மத்தியானம் ஒரு படம். பேச்சே கிடையாது, பத்து நிமிஷம் இருக்கும். மழை. வீடு காலிசெய்கிறார்கள். பாட்டியின் கட்டில் வாசல் வழியே வர மாட்டேன் என்கிறது. சாய்க்கிறார்கள், தூக்குகிறார்கள், நிலையில் இடித்துக்கொள்கிறார்கள். கேமரா கட்டில் காலை விட்டு நகரவே இல்லை. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஆப்பத் தட்டுலே!”

“சித்தப்பா, மெல்ல.”

“இல்ல மக்கா, காலுல ஆப்பு உண்டு கேட்டியா. அதத் தட்டினா சட்டம் தனியா வந்திரும். வாசலோட மல்லுக்கெட்டுதானுவ.”

முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “சேட்டா, ஒன்னு மிண்டாதிரிக்கூ” என்றார். சித்தப்பா அடங்கினார், ஆனால் கை மட்டும் முன் சீட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ரம்பம் எடுத்துக் காலை அறுக்கிறார்கள். பாட்டி முகத்தைக் காட்டவில்லை. வராந்தாவில் சிதறிக் கிடக்கும் மரத்தூளில் அவள் கால்விரல் மட்டும். எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா, “பாவிகள்” என்றார்.

இந்த விழாவில் படம் எடுத்தவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, வெளிப் படிக்கட்டிலேயே நிற்பார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும், கழுத்தில் அட்டை தொங்க அந்தப் பையன். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

“பிள்ளே, ஆப்பு இருந்துதுல்லா? ஏன் தட்டல்ல?”

பையன் சிரித்தான். அவனுடைய அம்மம்மாவின் கட்டிலேதானாம். தட்டிப் பார்த்தார்களாம், இளகவே இல்லையாம். அதற்குப் பிறகுதான் ரம்பமாம்.

“மரம் அயனியா, பிலாவா?”

“பிலாவு.”

சித்தப்பா அவன் தோளில் கை வைத்தார். “மழையில மரம் ஊதும், ஆப்பு இறுகும். நீ கும்ப மாச வெயில்ல எடுத்திருக்கணும்.”