கையடக்க கேமிங் பிசி: டிரைவர் எதுவரை வரும்?

கையடக்க கேமிங் பிசி வாங்குகிறவர்கள் திரை, பேட்டரி, எடை எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார்கள். கேம்கள் கிராபிக்ஸ் சிப்போடு பேச உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவருக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று கேட்பவர்கள் குறைவு. போனில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு: பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் என்று கூகுளும் சாம்சங்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. கேமிங் பிசியில் அப்படி ஆண்டுக் கணக்குச் சொல்லி விற்கும் வழக்கம் இல்லை. நாம்தான் கணித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், பிராண்டைவிட முதலில் பார்க்க வேண்டியது, டிரைவரை வெளியிடும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

2023-இல் வந்த அசுஸ் ஆர்ஓஜி அல்லை, லெனோவோ லீஜியன் கோ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஏஎம்டியின் இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப் உண்டு. லேப்டாப்பில் வரும் ரைசன் 7 7840யூ-வில் உள்ள அதே ஆர்டிஎன்ஏ 3 தலைமுறை கிராபிக்ஸ்தான் இதிலும். ஆனால் லேப்டாப் வைத்திருப்பவர் ஏஎம்டி தளத்திலிருந்து புது டிரைவரை நேராக இறக்கிக்கொள்கிறார். இசட்1 வைத்திருப்பவர், கருவியைத் தயாரித்த நிறுவனம் சோதித்து வெளியிடும்வரை காத்திருக்கிறார். சிப் ஒன்றாக இருந்தும் அசுஸ் வெளியிடும் வேகம் வேறு, லெனோவோ வெளியிடும் வேகம் வேறு. அதனால்தான் லீஜியன் கோ வைத்திருப்பவர்கள் அல்லைக்கு வந்த டிரைவரை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கமே உருவானது.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஏஎம்டியின் பொது டிரைவரை இறக்கி, விரித்து வைத்து, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் வரியைத் திறந்து, பட்டியலிலிருந்து 'ரேடியான் 780எம்' (இதே கிராபிக்ஸின் லேப்டாப் பெயர்) என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வரும், புது கேமும் ஓடும். கொஞ்ச நாள் கழித்து விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் பழைய டிரைவரையே திரும்பப் போட்டுவிடலாம். அப்புறம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்லீப், மின் அளவுக் கட்டுப்பாடு, பட்டன்கள் எல்லாம் டிரைவரோடு ஒத்துப்போக வேண்டும். லீஜியன் கோவின் திரை அடிப்படையில் செங்குத்தாக இயங்கும் பேனல். அதைக் கிடைமட்டமாகத் திருப்பித்தான் காட்டுகிறார்கள். இதையெல்லாம் சோதிக்க நேரம் பிடிக்கும், சரி. அடுத்த மாடல் வந்ததும் அந்தச் சோதனைக்கு ஆள் ஒதுக்குவார்களா என்பதுதான் என் கவலை. அல்லை எக்ஸ் 2024-இல் வந்தபோதும் சிப் அதே இசட்1 எக்ஸ்ட்ரீம்தான். பழைய அல்லைக்கு அது ஒரு மறைமுகக் காப்பீடு. லீஜியன் கோ 2 வந்தது இசட்2 எக்ஸ்ட்ரீமோடு. பழைய லீஜியன் கோவுக்கு அந்தக் காப்பீடு இல்லை.

எம்எஸ்ஐ க்ளாவில் கதை வேறு. 2024-இல் இன்டெல் கோர் அல்ட்ராவோடு வந்தபோது வேகக் குறைவுக்காக அடி வாங்கியது. புது பயாஸும் (கருவியின் அடிப்படை மென்பொருள்) டிரைவரும் வந்த பிறகே நிலைமை தேறியது. ஆனால் இன்டெலின் பொது டிரைவரை இதில் நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம், எம்எஸ்ஐயின் தயவு தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் இன்டெல் க்ளாவை ஏஎம்டியின் இசட் வரிசைக் கருவிகளுக்கு மேலே வைப்பேன். அயாநியோவின் பல மாடல்களும் லேப்டாப் சிப்போடு வருவதால் அவற்றுக்கும் இந்த வசதி உண்டு.

ஆனால் சிப் நிறுவனமே கையை விரித்தால்? 2025-இல் இன்டெல் தன் 11 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான கிராபிக்ஸைப் பழைய வரிசைக்குத் தள்ளியது. பாதுகாப்புத் திருத்தம் காலாண்டுக்கு ஒருமுறை வரும், புது கேம்களுக்கான டிரைவர் மேம்பாடு வராது. 2021-இல் வந்த ஜிபிடி வின் 3 என்ற கையடக்கக் கருவி இந்த வளையத்துக்குள் விழுந்தது. அதே 2025 அக்டோபர் கடைசியில் ஏஎம்டி, ஆர்டிஎன்ஏ 1, 2 இரண்டையும் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், தனி டிரைவர் கிளையில் புது கேம் ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ் கொண்ட இசட்2 ஏ சிப்போடு ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லை கடைக்கு வந்ததும் அதே அக்டோபரில்தான். கருவி புதிது என்பதால் சிப்பும் புதிது என்று நம்பிவிடாதீர்கள்.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கிலும் ஆர்டிஎன்ஏ 2-தான், அதுவும் 2022-இலிருந்து. ஆனாலும் நான் அதிகம் நம்புவது அதைத்தான். அதன் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுவது மெசா என்ற திறந்த மூல டிரைவர். ஏஎம்டி எந்தக் கிளையை மூடினாலும் அதன் மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கும், வால்வின் பொறியாளர்களும் அதில் வேலை செய்கிறார்கள். இதற்கு வலுவான சான்று 2012-இல் வந்த ரேடியான் எச்டி 7000 வரிசை. விண்டோஸில் ஏஎம்டி 2021-இலேயே அதைக் கைவிட்டது. லினக்ஸிலோ அந்தக் கார்டுகளைப் புதிய டிரைவருக்கு மாற்றும் வேலை அதற்குப் பிறகும் நடந்தது, வால்வின் உதவியோடு. டெக்கில் விண்டோஸ் போடுவதாக இருந்தால் மட்டும் இந்த நம்பிக்கை செல்லாது. அதற்கான டிரைவரை 'இருக்கிறபடி' தருவதாகவும் உதவி கிடையாது என்றும் வால்வே சொல்கிறது. ஃபோர்ட்நைட் மாதிரி சில ஆன்லைன் கேம்கள் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது என்பதும் உண்மை.

இசட்1 கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறதா? கவலைப்பட வேண்டாம். ஸ்டீம்ஓஎஸ் 3.7 முதல் அல்லைக்கும் லீஜியன் கோவுக்கும் ஆதரவு மேம்பட்டிருக்கிறது, பஸைட் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளமும் இருக்கிறது. விண்டோஸ் டிரைவர் நின்றுபோனால் அந்தப் பக்கம் போய்விடலாம்.

புதிதாக விண்டோஸ் கருவிதான் வேண்டும் என்பவர்கள், வாங்க நினைக்கும் மாடலின் பக்கத்தை விட்டுவிட்டு, அதே நிறுவனத்தின் முந்தைய மாடலுக்கான சப்போர்ட் பக்கத்தைத் திறந்து கடைசி கிராபிக்ஸ் டிரைவரின் தேதியைப் பாருங்கள். அப்புறம் சிப்பின் பெயரை ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்தில் போட்டு, நேரடி டவுன்லோடு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.