மாத்திரை, காப்பர் டி, சாயா, கடைசியில் வாசக்டமி: கோத்தகிரியிலிருந்து ஒரு அனுபவம்

கருத்தடை முறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. கொஞ்சமும் பிசகாமல் பயன்படுத்தினால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் எத்தனை பேருக்குக் கரு தங்கும் என்பது ஒன்று. வீட்டுவேலை, மறதி, ஊர்ப்பயணம் எல்லாவற்றுக்கும் நடுவே பயன்படுத்தினால் எத்தனை பேருக்குத் தங்கும் என்பது இன்னொன்று. தினசரி மாத்திரைக்கு முதல் எண் 1-ஐக்கூடத் தொடாது, இரண்டாவது 7. ஆணுறைக்கு 2, 13. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டிக்கு இரண்டுமே 1-க்குள் அடங்கிவிடும். எதுவுமே பயன்படுத்தாவிட்டால் 85. கல்யாணமான புதிதில் எனக்கு முதல் எண்ணை மட்டும்தான் சொன்னார்கள். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைக் கிராமத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்ட நான் இன்று யாருக்குச் சொன்னாலும் இரண்டாவது எண்ணில்தான் ஆரம்பிப்பேன். கடை எவ்வளவு தூரம், மழை எப்போது, யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூத்தவள் பிறந்ததும் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும் என்றார் எங்கள் கிராம சுகாதார செவிலியர். அதற்கு மூன்று நிபந்தனை: குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, ஆறு மாதம் தாண்டக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 100-க்கு 98 பேருக்குக் கரு தங்காது. எனக்கும் தங்கவில்லை.

அப்புறம் மாலா-என் மாத்திரை, அரசு இலவசமாகக் கொடுப்பது. அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிலக்கு நாள் தவறாமல் வந்தது, வலியும் குறைந்தது. அந்த வகையில் எனக்குப் பிடித்த முறை இதுதான். ஆனால் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் பஸ் வராது, செவிலியரும் வர முடியாது, கையில் இருக்கும் அட்டை தீர்ந்துவிடும். பக்கத்து ஊரில் சாவு என்று போனால் ராத்திரி அங்கேயே தங்க வேண்டி வரும், மாத்திரை வீட்டில் கிடக்கும். ஒரு மாத்திரை விட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு, மூன்று என்று விட்டுப்போனால் தொடர்ந்து 7 நாள் ஹார்மோன் மாத்திரை போடும்வரை ஆணுறையும் வேண்டும். எனக்கு இது அடிக்கடி தேவைப்பட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்றவை மாலா-என் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். என்னோடு இலை எடுக்கும் ஓர் அக்கா காசநோய் மாத்திரை ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு முறைக்கு மாறினார். நாமாகக் கேட்டால்தான் உண்டு.

ஆணுறையை இடையிடையே பயன்படுத்தினோம். சின்ன ஊர், மருந்துக் கடையில் நிற்பவர் சொந்தக்காரராகவே இருப்பார். அதனால் செவிலியரிடமே வாங்கிக்கொள்வோம். கிழிந்துவிட்டால் அவசர மாத்திரை இருக்கிறதே என்பார்கள். அதை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. மலையில் அதை நம்பி எந்த முறையையும் தேர்ந்தெடுக்காதீர்கள். 5 நாளைக்குள் காப்பர் டி போட்டாலும் கரு தங்காமல் தடுக்க முடியும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

சின்னவன் பிறந்தபின் காப்பர் டி. நான் போட்டுக்கொண்டது 380ஏ, 10 வருடம் தாங்கும். இதில் ஹார்மோன் கிடையாது, செம்புதான் விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. போடும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, கொஞ்ச நேரத்தில் தணிந்தது. காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி ஏற வழியே இல்லை. நிஜமான சிரமம் வேறு. முதல் சில மாதம் உதிரப்போக்கு மிக அதிகம். தோட்டத்தில் கழிப்பறை கிடையாது, மழைக்கு இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறவளுக்கு அது என்ன பாடு என்பது போட்டுவிடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை வருடத்தில் குறைந்தது. ஆனாலும் எனக்கு ஏற்கெனவே ரத்தசோகை. சில வருடம் இரும்புச்சத்து மாத்திரையோடு ஓட்டினேன், பிறகு டாக்டர் எடுத்துவிடச் சொன்னார். ரத்தம் குறைவில்லாதவர்களுக்கு இதைவிட நிம்மதியான முறை இல்லை என்றே இன்னமும் சொல்வேன். மாதவிலக்கு முடிந்ததும் காப்பர் டியின் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். தானாக வெளியே வந்துவிடுவது பெரும்பாலும் முதல் வருடத்தில்தான்.

அதற்குப்பின் சாயா. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை, ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டதால் தவறவே இல்லை. ஆனால் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனது. அது இந்த மாத்திரையின் இயல்பு, 15 நாளுக்கு மேல் தள்ளினால் மட்டும் பரிசோதிக்க வேண்டும் என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கியது.

இரண்டு பிள்ளை போதும் என்று முடிவானதும் அத்தை எனக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் என்றார். செவிலியர்தான் குறுக்கே வந்தார். "ஏம்மா, உனக்கு ரத்தமே இல்ல. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா." அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அவன் கவாத்து வெட்டணும், மூட்டை தூக்கணும், அவனுக்கு வேணாம்மா." இந்த நாட்டில் பேச்சு இப்படித்தான் முடிகிறது: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 100 தம்பதிகளில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் சுமார் 38, ஆண்கள் 1-க்கும் குறைவு. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குத் தழும்பில்லா வாசக்டமியில் மரத்துப்போகும் ஊசி, ஒரு சின்னத் துளை, தையல்கூட இல்லை. தோற்றுப்போவதும் ஆணுக்குக் குறைவு: 1,000-க்கு 1 அல்லது 2, பெண்ணுக்கு 5.

வாசக்டமிக்குப் போன என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "சார், கவாத்துக் கத்தி எப்ப பிடிக்கலாம்?" இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காதே என்றார் டாக்டர். அப்படியே இருந்தார். வீக்கம் கொஞ்சம், வலி கொஞ்சம், அவ்வளவுதான். தாம்பத்தியத்தில் ஒரு மாற்றமும் இல்லை; எல்லாரும் மெதுவாக விசாரிப்பது இதைத்தான், அதனால் எழுதுகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆபரேஷன் அன்றே பலன் வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வர வேண்டும். பரிசோதனைக்குப் போகாமல் விட்ட வீடுகளில்தான் கரு தங்கி, பெண் மேல் சந்தேகமும் வந்து குடும்பம் உடைகிறது.

என் நாத்தனார் போன மாதம் கேட்டாள், "அண்ணி, நான் அந்தரா ஊசி போட்டுக்கவா?" மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் நினைக்க வேண்டியதில்லை, நல்ல முறைதான். ஆனால் நிறுத்தியபின் கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம்வரை ஆகலாம். அவளுக்கு இரண்டு வருடத்தில் அடுத்த குழந்தை வேண்டும், ரத்தமும் நல்ல அளவில் இருக்கிறது. காப்பர் டி போட்டுக்கொள், எடுத்த மாதமே கரு தங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.