பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனுக்குச் சரியான ப்ரேக் பார்ட்ஸ் கண்டுபிடிக்கிறது, எட்டு வருஷ அனுபவம்

எங்க வண்டி ஃபோக்ஸ்வேகன் டைப் 2, பே விண்டோ மாடல், அதாவது முன்னாடி ஒரே வளைஞ்ச கண்ணாடி வச்சது. ஜெர்மனில ஓடிட்டு இருந்த லெஃப்ட் ஹேண்ட் வண்டி, 2016ல இங்கிலாந்துல ஒருத்தர்கிட்ட இருந்து வாங்குனோம். வேல்ஸ், கார்ன்வால், லேக் டிஸ்ட்ரிக்ட்னு வருஷத்துக்கு அஞ்சாறு ட்ரிப் போறோம், பிள்ளைங்க பின்னாடி படுத்துத் தூங்குவாங்க. அதனால இந்த வண்டில இன்ஜின் மக்கர் பண்ணா பரவால்ல, ரோட்டோரம் நிறுத்தி டீ போட்டுக்கலாம், ப்ரேக் விஷயத்துல மட்டும் ஒரு சமாதானமும் கிடையாதுன்னு நானும் வீட்டுல அவங்களும் மொத நாளே பேசி வச்சோம்.

பேப்பர்ல முதல் பதிவு 1973 மார்ச்னு இருக்கு. அதை நம்பி 73 மாடலுக்கு முன் ப்ரேக் பேட் ஆர்டர் போட்டேன். வந்த பேட், அதைப் பிடிச்சு டிஸ்க் மேல அழுத்துற கேலிப்பருக்குள்ள உக்காரவே இல்ல. சரி கடைக்காரர் மாத்தி அனுப்பிட்டாரு போலன்னு திருப்பி அனுப்பிட்டு வேற கடைல வாங்குனேன், அங்க 1971ல இருந்து 1979 வரைக்கும் ஒரே பேட்னு போட்டிருந்தாங்க, பாத்தா மறுபடியும் அதே பேட். ரெண்டு வாரம் வண்டி ஸ்டாண்டு மேலயே நின்னுச்சு, புக் பண்ண கேம்ப் சைட் காசும் போச்சு.

தப்பு எங்க இருந்துச்சுன்னா, ஃபோக்ஸ்வேகன்ல மாடல் வருஷம் ஜனவரில ஆரம்பிக்காது, ஆகஸ்ட்ல ஆரம்பிக்கும். 1972 ஆகஸ்ட்ல இருந்து வந்த வண்டிங்கதான் 73 மாடல். முன் கேலிப்பரும் பேடும் மாறுனது கரெக்டா அந்த ஆகஸ்ட்லதான். எங்க வண்டி அதுக்கு முன்னாடியே ஃபேக்டரில இருந்து வெளிய வந்து எங்கயோ விக்காம நின்னு அடுத்த மார்ச்லதான் ரோட்டுக்கு வந்திருக்கு. சேசிஸ் நம்பரைப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். இன்ஜின் அறைக்குள்ள அடிச்சிருப்பாங்க, முன் சீட்டுக்குப் பின்னாடி இருக்குற சின்னத் தகட்டுலயும் அதோட பெரும்பகுதி இருக்கும், முழு நம்பர் மொத்தம் பத்து இலக்கம். மொத ரெண்டும் வண்டி வகை, எங்களுது 23, அதாவது ஆளும் சரக்கும் ஏத்துற கோம்பி. மூணாவது இலக்கம்தான் மாடல் வருஷம், எங்களுதுல 2, அப்டின்னா 72 மாடல். வெளிய இருந்தே ஒரு அடையாளமும் இருக்கு, முன் இண்டிகேட்டர் கீழ பம்பர் பக்கத்துல இருந்தா 72 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி, மேல காத்து வர்ற கிரில் பக்கத்துல இருந்தா அதுக்கு அப்புறம்.

இதே மாதிரி பெரிய மாற்றம் 1970 ஆகஸ்ட்லயும் நடந்திருக்கு. அதுக்கு முன்னாடி நாலு வீல்லயும் ட்ரம்தான், அப்புறம்தான் முன்னாடி டிஸ்க் வந்துச்சு. அஞ்சு வீல் போல்ட்டும் உக்கார்ற வட்டத்தோட விட்டமும் 205 மில்லிமீட்டர்ல இருந்து 112க்கு மாறிடுச்சு. பழைய ட்ரம் ஒண்ணு சும்மா கிடக்கு எடுத்துக்கோன்னு நண்பர் பாசமா குடுத்தாரு, 205ன்னு பாத்ததும் நன்றி சொல்லி அவர்கிட்டயே குடுத்துட்டேன்.

ஆனா சேசிஸ் நம்பர் ஃபேக்டரில என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். நாப்பத்தஞ்சு வருஷத்துல எத்தனை பேர் கை வச்சிருப்பாங்க. அந்தத் தகட்டுலயே எம் கோடுன்னு சில நம்பருங்க இருக்கும், ஃபேக்டரில சேத்த கூடுதல் வசதிங்களைச் சொல்றது, 506 இருந்தா ப்ரேக் சர்வோவோட, அதாவது மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டிக் குடுக்குற சாதனத்தோட வந்த வண்டி. சர்வோ இருக்குற வண்டிக்கு, பெடலை மிதிச்சா ப்ரேக் ப்ளூயிடைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் வேற, இல்லாததுக்கு வேற. தகட்டுல இருக்குன்னு நம்பி ஆர்டர் போடாம வண்டிக்கு அடில படுத்து சர்வோ உண்மையாவே இருக்கான்னு பாருங்க, பழைய சிலிண்டரைத் தொடைச்சா போர் அளவு, அதாவது உள் விட்டம், அதுமேலயே வார்த்திருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பின் வீல் சிலிண்டருக்கும் இதே கதைதான். பின் ட்ரம்முக்குள்ள உரசுற ஷூவோட அகலத்தை வெர்னியர் அளவுகோல் வச்சு அளக்காம நான் இப்ப எதுவும் வாங்குறதில்ல. பார்ட் நம்பர்ல மொத மூணு இலக்கம் எந்த வண்டிக்குன்னு, எங்களுதுக்குப் பெரும்பாலும் 211, நாலாவது 6னா ப்ரேக், வீல் சம்பந்தப்பட்டது. கடைசில ஒரு எழுத்து ஒட்டிட்டு இருந்தா அதையும் சேத்து எழுதிக்கணும், ஏன்னா பின்னாடி மாத்துன பார்ட்டுக்கு அந்த எழுத்து மட்டும்தான் மாறும்.

எனக்கு ரொம்ப செலவு வச்சது 2019ல. பத்து மைல் ஓட்டுனா முன் இடது வீல் கை வைக்க முடியாத சூடு. கேலிப்பர் பிஸ்டன் இறுகிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி ரீகண்டிஷன் கேலிப்பர் வாங்கி மாட்டுனேன், அப்பவும் அதே சூடு. கடைசில பாத்தா ரப்பர் ஹோஸ். வெளிய ஒரு விரிசல் இல்ல, உள்ள ரப்பர் உப்பி அடைச்சிருக்கு, பெடலை மிதிச்சா ப்ளூயிட் போகுது, விட்டா திரும்பி வர மாட்டேங்குது. இதுக்கு ஒரு சோதனை இருக்கு, வீல் இறுகி இருக்கும்போதே கேலிப்பர்ல காத்து வெளிய எடுக்குற ப்ளீட் நிப்பிளைத் திறந்து பாருங்க, உடனே வீல் ஃப்ரீ ஆச்சுன்னா பிஸ்டன் நல்லா இருக்கு, பிரஷர்தான் லைன்ல மாட்டிருக்கு, அப்ப மொத சந்தேகம் ஹோஸ் மேல வரணும். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கேலிப்பர் காசு மிஞ்சிருக்கும். இன்னொண்ணு, கேலிப்பர் மாட்டும்போது நிப்பிள் மேல் பக்கம் வரணும், கீழ வந்தா இடது வலது மாறிப்போச்சுன்னு அர்த்தம், எத்தனை தடவை ப்ளீட் பண்ணாலும் காத்து வெளிய வராது.

பைப்பும் அப்டித்தான். பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்ல புது பைப் செஞ்சு குடுத்தாங்க, நட்டெல்லாம் எம்10 அளவுல சரியாதான் இருந்துச்சு, ஆனா பைப் முனைய பிரிட்டிஷ் காருக்குப் பண்ற மாதிரி உள் பக்கம் கூம்பா விரிச்சிருந்தாங்க. ஜெர்மன் வண்டிக்கு அது காளான் குடை மாதிரி உருண்டையா வரணும். நல்லா முறுக்கிட்டோம்னு நெனச்சேன், காலைல பாத்தா சொட்டுச் சொட்டா கசிவு. ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சே, அதுவே பெரிய விஷயம்.

பின் ட்ரம்மைத் திறக்குறவங்க ஒண்ணு கவனிங்க, பழைய ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இங்கிலாந்துல 1999லதான் அது முழுசா தடை ஆச்சு. ஏர் அடிச்சுத் தூசி பறக்க விடாதீங்க, ஈரமாவே தொடைங்க, மாஸ்க் போடுங்க.

இப்ப வண்டில இருக்குறது ஏடிஈங்கிற ஜெர்மன் கம்பெனியோட மாஸ்டர் சிலிண்டர், அஞ்சு வருஷமா ஒரு சொட்டு கசியல. 72 மாடலுக்கான பேட் கிடைக்கறது கொஞ்சம் கஷ்டம், அதனால கிடைக்கும்போது ரெண்டு செட் வாங்கி வச்சிடுவேன். ப்ளூயிட் டாட் 4 தரம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மாத்திடுறேன், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், இறக்கத்துல சூடாகும்போது அந்த ஈரம்தான் ஆவியாகி பெடலைப் பொசுக்குனு உள்ள விட்டுடும். 40 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2018 மே மாசத்துல இருந்து இங்க எம்ஓடிங்கிற வருஷாந்திர வண்டிப் பரிசோதனை கட்டாயம் இல்ல, ஆனாலும் நான் வருஷா வருஷம் காசு குடுத்துப் பண்றேன், ரோலர்ல ஏத்தி இடது வீல் எவ்வளவு பிடிக்குது வலது எவ்வளவு பிடிக்குதுன்னு நம்பரா காட்டுவாங்க, வீட்டு வாசல்ல அதைக் கண்டுபிடிக்க முடியாது.

போன செப்டம்பர்ல லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹார்ட்நாட் பாஸ்ங்கிற மலைப்பாதைல இறங்குனோம். மூணடி போனா ஒரு அடி இறங்குற சரிவு. ஃபர்ஸ்ட் கியர், நடுநடுவுல மட்டும் ப்ரேக், பின்னாடி பிள்ளைங்க சத்தமே இல்ல. கீழ சமதரைக்கு வந்ததும் நிறுத்தி நாலு வீல் பக்கத்துலயும் குனிஞ்சு கை நீட்டிப் பாத்தேன், முன்னாடி ரெண்டுலயும் ஒரே அளவு சூடு. "ஏங்க, எல்லாம் சரியா?"ன்னு உள்ள இருந்து குரல் வந்துச்சு. சரின்னு சொல்லிட்டு அடுப்பைப் பத்த வச்சேன்.